தீயில் பார்த்த மாத்திரை

கோர்வைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து சேலையின் உடலை நெய்கிறவர் ஒருவர். வலப்பக்கம் கரையோரமாக உட்கார்ந்து, கரைக்கு உண்டான நூல் அடைத்த நாடாவைப் போட்டுத் திரும்ப வாங்குகிறவர் இன்னொருவர். பிள்ளையார்பாளையத்தில் அந்த ஓரத்து இடம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. இளவரசி மாகறலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மறுமாதமே அதில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் கதிர்வேலின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட, ஊடையை நெருக்க அவன் பலகையை இழுத்து அடிக்கிற சத்தத்தைக் கேட்ட நேரம்தான் அவளுக்கு அதிகம். அவனுக்குப் பசியா, யாரோடாவது மனத்தாங்கலா, தூக்கம் போதவில்லையா என்பதையெல்லாம் அந்த அடியிலேயே தெரிந்துகொள்வாள். கஞ்சா இழுத்துவிட்டு உட்கார்ந்தான் என்றால் அடி மெத்தென்று விழும், தலையணையைத் தட்டுகிற மாதிரி. குறுக்கே ஓடும் ஊடை இழை நெருங்காமல் நிற்கும். நெய்த துணியை வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் சல்லடையாகத் தெரியும்.

அதை அவள் வாயைத் திறந்து சொன்னதில்லை. தன் நாடாவை மட்டும் கொஞ்சம் வெடுக்கென்று போடுவாள். அவனுக்குப் புரிந்துவிடும். தலையைக் குனிந்துகொள்வான். குடித்தனம் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

பங்குனி உத்திரம் முடிந்த கையோடு அது முறிந்தது. சர்வதீர்த்தக் குளத்து மீனுக்குப் பொரி போடலாம் என்று மூன்று வயது மகள் தீபிகாவைத் தூக்கிக்கொண்டு போனவன், வெறுங்கையோடு திரும்பி வந்தான். வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, தறிக்குழிக்குள் காலை இறக்கி, பலகையை இழுத்தான். மெத்தென்று விழுந்தது. இளவரசி நாடாவைக் கையில் எடுத்தபடியே, பாப்பா எங்கே என்று கேட்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வூட்லதான இருக்குது" என்றான்.

அவள் செருப்புப் போடாமல் ஓடினாள். தண்ணீருக்கு மேலே இரண்டாவது படியில், பொரி விற்கிற அம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் குழந்தை உட்கார்ந்திருந்தது. பாவாடையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. அந்த அம்மாள் ஏச்சு ஏதும் பேசவில்லை. "தண்ணிகிட்ட போச்சுமா, நான்தான் இஸ்து உக்கார வச்சன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் இளவரசி ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள்.

"இன்னொரு தடவ அடி மெத்துனு வுழட்டும். பாப்பாவத் தூக்கிக்கினு மாகறலுக்குப் போயிடுவன். கூப்பிடறதுக்குன்னு வாசப்படி ஏறி வராத."

அதற்குப் பிறகு அவனிடம் குழந்தையைத் தனியாக விடவேயில்லை. குளிக்கப் போனாலும் கூடவே கூட்டிக்கொண்டு போய்க் குளியலறை மூலையில் நிற்க வைப்பாள். கடைக்குப் போனால் இடுப்பில். கதிர்வேல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

மாமனார் திருஞானசம்பந்தம்தான் மகனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கேதான் அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். கஞ்சாவை விட முடியாதவர்களுக்கு ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்றும், மூன்று மாதம் சாப்பிட வேண்டும் என்றும், வாரம் ஒருமுறை வீட்டுக்கே ஆள் வந்து விசாரிக்கும் என்றும் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

வந்த ஆள் எஸ்தர் என்கிற பெண். நர்சு படிப்பு படித்தவள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, டப்பாவை எடுத்து வைத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"இத மருந்துன்னு சொல்லக் கூடாதுண்ணா. கடையில சத்து மாத்திரையா விக்கிற சாமான்தான். இதச் சாப்பிட்டா இழுக்கணும்ன்ற ஆசை கொறையுதான்னு பாக்கறாங்க. பாதிப் பேருக்கு அசல். பாதிப் பேருக்கு வெறும் மாவு. பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். உங்களுக்கு வந்தது எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

திருஞானசம்பந்தத்துக்கு இது பிடிபடவில்லை. "குடுக்கறவங்களுக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா எங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும் ஐயா. அதுக்குத்தான்."

"மாவத் தின்னுட்டு எம்புள்ள எப்படிமா தேறுவான்?"

"மாவா இருந்தாலும் நான் வாரா வாரம் வருவேன் இல்ல? பேசுவோம். யூரின் டெஸ்ட் எடுப்போம்."

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எந்த ஊர் என்று கேட்டார். ஓரிக்கை என்றாள். ஓரிக்கையில் எங்கே என்றார். "காலனி, ஐயா" என்று அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள். அவர் உள்ளே திரும்பி, "இளவரசிமா, காபி போடு" என்றார். வீட்டு டம்ளரிலேயே கொடுக்கலாமா என்று இளவரசி ஒரு நிமிஷம் நின்றாள். அவர் மறுத்து ஒன்றும் சொல்லாததால் அதிலேயே கொடுத்தாள்.

எஸ்தர் போன பிறகு, திருஞானசம்பந்தம் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். பாதி வெள்ளை, பாதி பழுப்பு ஓடு, உள்ளே பொடி. அசலா போலியா என்று தெரியாமல் ஒரு சாமானை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது அவருக்கு ஆகாத காரியம். யாராவது புது ஆள் நூல் கொண்டுவந்தால் ஒரு இழையை உருவித் தீயில் காட்டுவார். கலப்பு நூல் உருகிச் சொட்டும். அசல் பட்டில் மயிர் கருகுகிற வாசம் வரும். விரலால் நசுக்கினால் சாம்பல் பொடியாகப் போகும். பிள்ளைப் பிராயத்திலிருந்து அந்தப் பரீட்சை அவரைக் கைவிட்டதில்லை.

விளக்கை ஏற்றச் சொல்லி, மாத்திரையைச் சின்ன இடுக்கியில் பிடித்து அப்படியே தீயில் காட்டினார். மேல் ஓடு உப்பிச் சுருங்கிக் கறுத்தது. புகை வந்தது.

"மோந்து பார்றா. இது இன்னா வாசம்?"

"மயிரு கருகற வாசம்" என்றான் கதிர்வேல்.

"அப்போ?"

"பட்டு."

"அவ்ளோதான். பாதிப் பேருக்கு மாவு, உனக்குப் பட்டு. தைரியமா சாப்பிடு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் மாத்திரைக்குப் பெயரே பட்டு என்றாகிவிட்டது. காலையும் சாயங்காலமும் இளவரசி கேட்பாள்: "பட்டு போட்டுக்கினியா?" அவன் நாக்கை நீட்டிக் காட்டுவான், குழந்தை சிரிக்கும்.

முதலில் வந்த வாரங்கள் பொல்லாதவை. அக்கினி நட்சத்திர வெயில். ராத்திரியெல்லாம் அவனுக்கு வேர்த்துக் கொட்டிப் பாய் நனைந்துவிடும். சோறு மண்ணாக இருக்கிறது என்பான். ஆசையாக வைத்த மொச்சைக்கொட்டைக் குழம்பைத் தட்டோடு தள்ளிவிட்டான். பிறகு அவனே துடைத்தான். தறியில் அடி இப்போது மெத்தென்று விழவில்லை, ஆத்திரத்தோடு விழுந்தது. நெடுக்கே ஓடும் பாவு இழைகள் பட்டுப் பட்டென்று அறுந்தன. இளவரசி விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டினாள். அறுந்த இழையை ஒட்டுவதில் அவளுக்குச் சலிப்பு இல்லை. இந்தச் சத்தம் தேவலை என்று நினைத்தாள்.

விட்ட பிறகும் டெஸ்டில் கஞ்சா காட்டியது. நான் தொடவேயில்லை என்று அவன் எஸ்தரிடம் கத்தினான். அவள் பதறவில்லை. அது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மெள்ளத்தான் கரையும், நான் நம்புகிறேன் என்றாள். ஆனி பிறந்ததும் டெஸ்ட் சுத்தமாக வந்தது. அடுத்த வாரமும் சுத்தம். எஸ்தர் டெஸ்ட் பட்டையைத் தூக்கிக் காட்டியபோது, திருஞானசம்பந்தம் அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் வாங்கப் போனார். "ஐயா, அது மூத்திரம்" என்றாள் எஸ்தர்.

அவர் டீக்கடையிலும் சொன்னார். எங்களுக்கு வந்தது அசல், தீயில் பார்த்துவிட்டோம் என்றார். இதே மாத்திரை வாங்குகிற வீடுகள் இன்னும் சில அந்தப் பக்கத்தில் இருந்தன. அவர்களும் நெசவுக்காரர்கள்தானே, கொளுத்திப் பார்த்தார்கள். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் பட்டு. சந்துக்குள் இருந்த வீட்டில் நாற்றம் கொஞ்சம் தூக்கல், அதுவும் பட்டு என்றே முடிவாயிற்று. கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டிலும் பட்டு. மாத்திரைக் கணக்கு எல்லார் வீட்டிலும் ஒன்று குறைகிறதே என்று எஸ்தர் தலையைச் சொறிந்துகொண்டு போனாள்.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். இளவரசிக்கு மட்டும் அடுப்படியில் நிற்கும்போது ஒன்று உறைத்தது. பாதிப் பேருக்கு மாவு என்று சொன்னாளே. அந்த மாவெல்லாம் எந்த வீட்டுக்குப் போயிற்று?

ஆடி பிறந்த ஒரு காலையில், தீபிகா டப்பாவைக் கவிழ்த்து இரண்டு மாத்திரையை மிதித்துவிட்டாள். வெள்ளைப் பொடி தரையில் கொட்டியது. ஆண்கள் இருவரும் பாவை நீட்டிக் கஞ்சி தோய வெளியே போயிருந்தார்கள். இளவரசி பொடியை மட்டும் கரண்டியில் வழித்து அடுப்புத் தீயில் காட்டினாள். கஞ்சி அடிப்பிடித்த வாசம். மேல் ஓட்டை மட்டும் எடுத்துத் தீயில் காட்டினாள். மயிர் கருகிய வாசம். மாமனாரின் மூட்டுவலி மாத்திரை மாடத்தில் இருந்தது. அதில் ஒன்றைப் பிரித்து, வெறும் ஓட்டைக் காட்டினாள். அதுவும் பட்டு.

அந்த வாரம் எஸ்தரிடம், குழந்தை மிதித்துவிட்டதைச் சொல்லிவிட்டு, இந்த மேல் ஓடு எதில் செய்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

"மாட்டு எலும்பு, தோலு, இதுல இருந்துதான்க்கா. உங்க மாமனாராண்ட சொல்லிடாதீங்க. நீறு பூசிக்கினு அவர்தான் முழுங்கு முழுங்குன்றாரு." சிரித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றாள் இளவரசி.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருப்பது மாவு. மாவைத் தின்றுவிட்டுத்தான் வேர்த்தான், தூங்காமல் கிடந்தான், தேறினான். இதைச் சொன்னால் அவன் நிமிர்ந்து உட்காருவானா, இல்லை அப்படியே சரிந்துவிடுவானா? அவளுக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. தெரியாததால் வழக்கம் போலவே கேட்டுக்கொண்டிருந்தாள்: "பட்டு போட்டுக்கினியா?" கேட்கும்போது அவன் கண்ணைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

அவன் ஒருநாள், பாப்பாவை ஒரே ஒரு தடவை குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான். பட்டு முடியட்டும் என்றாள் அவள்.

பட்டும் முடிந்தது. கடைசி நாள் எஸ்தர் வந்து, நீங்கள் சாப்பிட்டது எது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்வியாம். கதிர்வேல் வாய் திறப்பதற்குள் திருஞானசம்பந்தம், "பட்டு" என்றார்.

"அப்படி எழுத எடம் இல்லையே ஐயா. அசல்னு போட்டுக்கறேன்."

இளவரசி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாத்திரையின் பெயரைக் கதிர்வேல் விசாரித்ததும், எதையும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்றும், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் எஸ்தர் சொன்னதும் உள்ளே அவள் காதில் விழுந்தன.

டப்பா காலியான பிறகு அவன் நடையே மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் கை தானாக மாடத்துக்குப் போகும், திரும்பி வரும். தறியில் உட்கார்ந்தால் அடி நடுவில் தளரும். இழுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இழுத்தவன் அடி போலவே இருந்தது. கடைசியில் அவன் மெடிக்கல் கடைக்காரரிடம் சொல்லி, சென்னையிலிருந்து அதே பெயருள்ள மாத்திரையை வரவழைத்தான். மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் அறையில் அடித்தது. குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டது. திருஞானசம்பந்தம் விளக்கில் காட்டினார். நாற்றம் இரண்டு மடங்காயிற்று.

"பட்டுல இந்த நாத்தம் வருமா? இன்னாத்தையோ கலந்து வச்சிருக்குறான். போலி. தூக்கிப் போடு."

கதிர்வேல் தூக்கிப் போட்டான். இதுதான் அசலாக இருக்கும் என்று அந்த அறையில் நினைத்தவள் இளவரசி ஒருத்திதான்.

மறுநாள் மதியம், நெய்து அறுத்த சேலையை எடுத்துக்கொண்டு மாமனார் நெசவாளர் சொசைட்டிக்குக் கிளம்பினார். குழந்தை கூடத்தில் கலர் நூல் கழிவுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. இளவரசி குப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து, மாத்திரையைத் தட்டில் கொட்டிவிட்டுக் கழுவினாள். அடுப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓடாகப் பிரித்து, நாறுகிற பொடியை அங்கணத்தில் கொட்டிவிட்டு, ஓட்டைத் துணியால் துடைத்து, சலித்த அரிசி மாவை நிரப்பி மூடினாள். வேறு கடையில் வாங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம். கலப்பு ஜரிகை போட்டவன் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்கிற குடும்பம் அது. அவள் நன்றாகவே மூடினாள். எது எது என்று அவளுக்கே தெரியாதபடி இருந்தது.

தண்ணீர் குடிக்க வந்த கதிர்வேல் நிலைப்படியில் நின்றுவிட்டான்.

"இன்னா பண்ற?"

அவள் மறைக்கவில்லை. மறைக்க நேரமும் இல்லை.

"உள்ள இன்னா போடற?"

"மாவு."

அவன் குந்தி உட்கார்ந்து ஒன்றை எடுத்துப் பிரித்தான். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான்.

"போன தடவ வந்ததும் இதானா?"

அவள் அடுத்த ஓட்டைத் துடைத்தாள்.

"அரசி. போன தடவ வந்ததும் இதானா?"

"ஓடு எல்லாமே அப்படித்தான் கருகும். மாமாவோட மூட்டுவலி மாத்திரையும் அப்படித்தான். உள்ள இருந்தத தனியா காட்டிப் பாத்தன். கஞ்சி தீஞ்ச வாசம்."

"எப்போ பாத்த?"

"ஆடி பொறந்தப்போ."

"அப்போலருந்து தெரிஞ்சிக்கினே, பட்டு போட்டுக்கினியா, பட்டு போட்டுக்கினியான்னு கேட்டுக்கினு இருந்திருக்குற."

"ஆமா."

அவன் சிரிக்கப் போனான். அது பாதியில் வேறு சத்தமாகப் போயிற்று. எழுந்து வெளியே போனான். வாசல் தகரக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போகட்டும், கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரட்டும் என்று அவள் கடைசி ஓட்டையும் நிரப்பினாள். நிரப்பும்போதுதான் கூடத்தில் சத்தமே இல்லை என்பது தெரிந்தது. கலர் நூல் தரையில் கிடந்தது. வாசலில் குழந்தையின் செருப்பு இல்லை.

அவள் ஓடினாள். எங்கே என்று யோசிக்கவில்லை, கால்தான் கூட்டிக்கொண்டு போயிற்று. வானம் மூடிக்கொண்டு தூறல் போடுவதும் நிற்பதுமாக இருந்தது. குளத்தங்கரை திரும்பும் இடத்தில் ஒரு பைக் எதிரே வந்தது. ஓட்டி வந்தவன் யுவன், கதிர்வேலுக்கு எப்போதும் பொட்டலம் கொடுக்கிறவன். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

கதிர்வேல் மேல் படியில் உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் முழங்கால்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் கையை நீட்டி, "அம்மா, அப்பா கைய வுடவே மாட்டேன்றாரு. வலிக்குதுன்னு சொன்னன்" என்றது. இரண்டு மணிக்கட்டிலும் விரல் தடம் சிவந்து பதிந்திருந்தது.

"யுவன் வந்தான்" என்றான் கதிர்வேல். தண்ணீரைப் பார்த்தபடியே பேசினான். "இதோ, இந்தப் படியிலதான் உக்காந்தான். நீட்டினான்."

"வாங்கினியா?"

"கைல பாப்பா இருந்துச்சு."

"இன்னொரு கை?"

"அதுலயும் பாப்பாதான்."

அவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. பொரிக்கார அம்மாள் எதிர்ப் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் கேட்டான்.

"கொண்டாந்தியா?"

"எத?"

"மாத்திரை."

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். ஓடிவந்த அவசரத்தில் கடைசியாக மூடியது கைக்குள்ளேயே இருந்தது. வியர்வையில் ஓடு இளகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது மாவு" என்றாள்.

"தெரியும். குடு."

அவன் அதை உரித்தெடுத்து, தண்ணீர் இல்லாமலே விழுங்கினான். தொண்டையில் சிக்கிக் கண் கலங்கியது. அவள் முதுகில் தட்டவில்லை. அவனே விழுங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவாண்ட சொல்லாத" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது திருஞானசம்பந்தம் சொசைட்டியிலிருந்து திரும்பி, அடுப்படியில் இருந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகர்ந்து பார்த்திருப்பார் போலும்.

"வேற வாங்கிட்டியாடா? நாத்தம் இல்ல. தீயில காட்டிப் பாத்தியா?"

கதிர்வேல் தறிக்குழிக்குள் காலை இறக்கினான்.

"பாத்தாச்சுப்பா."

"இன்னா?"

அவன் ஓரத்து இடத்தில் உட்கார்ந்திருந்த இளவரசியைப் பார்த்தான்.

"பட்டு" என்றான்.

கிழவருக்கு முகம் தெளிந்தது. டப்பாவை மாடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, கால் கழுவப் போனார்.

கதிர்வேல் பலகையை இழுத்தான். அது ஒரு பக்கம் சாய்ந்து, கோணலாக விழுந்தது. இளவரசி அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். அடுத்த அடியும் கோணல்தான். ஆனால் மெத்தென்று விழவில்லை.

அவள் மடியிலிருந்த குழந்தையை இறக்கி, அவன் பக்கமாக விட்டுவிட்டு, தன் நாடாவைப் போட்டாள்.